ஆப்பிரிக்க மீன்பண்ணைகளுக்கு வேலைக்குப் போகும் மீன்வளப் பட்டதாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். தூத்துக்குடியிலோ பொன்னேரியிலோ மீன்வளப் படிப்பை முடித்துவிட்டு ஜாம்பியா, சிம்பாப்வே, மொசாம்பிக், தான்சானியா என்று திலாப்பியா பண்ணைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். ஜாம்பியாவில் காஃபுயே ஆற்றோரம் ஒரு பண்ணையில் பல வருஷம் குஞ்சு பொரிப்பகத்தைப் பார்த்துக்கொண்டவன் நான். அங்கே போகிற நம் பிள்ளைகளுக்குத் தீவனக் கணக்கு தெரியும், தண்ணீர்ச் சோதனை தெரியும், கூண்டு கட்டத் தெரியும். கையில் இருக்கும் மீன் எது என்று கேட்டால் மட்டும் "திலாப்பியா சார்" என்கிறார்கள். அந்தப் பதில் போதாது என்று சொல்லத்தான் இந்த மடல்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பண்ணைகளில் திலாப்பியா என்று வளர்க்கும் மீன்கள் பெரும்பாலும் சேர்ந்திருக்கும் ஓரியோகுரோமிஸ் பேரினத்தில் எந்தச் சிற்றினம், எந்த ஆற்று வம்சம் என்று தெரியாமல் ஒரு குஞ்சைக்கூடக் குட்டையில் விடாதீர்கள். அந்த ஆற்றுக்கு உரியதல்லாத சிற்றினத்தை அங்கே கொண்டுபோகும் வேலைக்கு உங்கள் கையெழுத்தைக் கொடுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தப் பேரினத்தின் சொந்த மண்ணே ஆப்பிரிக்காதான். நம் ஊர் ஏரியில் ஜிலேபி மீன் (அதுவும் ஓரியோகுரோமிஸ்தான்) பெருகினால் கெண்டைக்கும் கெளுத்திக்கும் தொந்தரவு. ஆனால் ஜிலேபி கெண்டையோடு கூடி இனம் கலக்க முடியாது. அங்கே அப்படியில்லை. ஒவ்வோர் ஆற்றுக்கும் ஏரிக்கும் தனித்தனி ஓரியோகுரோமிஸ் இருக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள். பண்ணையிலிருந்து தப்பும் மீன் ஆற்று மீனோடு சேர்ந்து குஞ்சு பொரிக்கும், அந்தக் குஞ்சும் வளர்ந்து குஞ்சு பொரிக்கும். நாலைந்து தலைமுறை போனால் பழைய மீன் எங்கே இருக்கிறது என்று யாராலும் காட்ட முடியாது.

வகைப்பாடு என்றாலே பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறக்கும் பாடம் என்று நினைத்திருப்பீர்கள். இந்த மீன்களின் வகைப்பாட்டுக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். 1840-ல் ஆண்ட்ரூ ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து ராணுவ மருத்துவர் தென்னாப்பிரிக்க மீன் ஒன்றை வைத்து திலாப்பியா என்ற பேரினத்தை உருவாக்கினார். அப்புறம் ஆப்பிரிக்காவில் கிடைத்த இதே சாயலுள்ள மீன்களையெல்லாம் அதற்குள்ளேயே போட்டுவைத்தார்கள். 1889-ல் கிளிமஞ்சாரோ அடிவாரத்தில், கென்யா தான்சானியா எல்லையில் இருக்கும் சாலா என்ற எரிமலைவாய் ஏரியின் மீனுக்கு ஓரியோகுரோமிஸ் என்று விலங்கியலாளர் குந்தர் பேர் வைத்தார். அந்தப் பேர் நெடுங்காலம் அந்த ஒரு மூலையோடு நின்றது.

அதை இன்றைய இடத்துக்குக் கொண்டுவந்தவர் எத்தல்வின் டிரெவாவஸ். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர். 1961-ல் ஓய்வு பெற்ற பிறகும் நாள் தவறாமல் மீன் ஜாடிகளோடு உட்கார்ந்தார். 1983-ல், தன் 83-வது வயதில், 580 பக்கத்துக்கு மேல் வரும் நூலை வெளியிட்டார். திலாப்பியாக்களைப் பிரிப்பதற்கு அவர் பார்த்தவற்றில் முக்கியமானது குஞ்சைக் காக்கும் விதம். முட்டையைக் கல்லிலோ மணலிலோ ஒட்டி வைத்துவிட்டு ஆணும் பெண்ணும் காவல் காப்பவை திலாப்பியா. ஆணோ, இரண்டும் சேர்ந்தோ வாயில் வைத்து அடைகாப்பவை சாரோதெரோடான். பெண் மட்டும் வாயில் வைத்து அடைகாப்பவை ஓரியோகுரோமிஸ். எலும்பையும் பல்லையும் எண்ணிப் பிரித்துக்கொண்டிருந்த துறையில், தாய் எப்படிப் பிள்ளையைக் காக்கிறாள் என்பதைக் கணக்கில் எடுத்த அந்த அம்மாவை நான் இன்றும் கும்பிடுகிறேன்.

மரபணு ஆய்வு வந்த பிறகும் அவர் போட்ட அடித்தளம் பெரும்பாலும் அசையவில்லை. 2013-ல் டன்ஸ், ஷ்லீவென் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மிச்சமிருந்த திலாப்பியா பேரினத்தை உடைத்தார்கள். சில்லி, ரெண்டாலி போன்ற சிற்றினங்கள் கோப்டோடான் என்ற பேரினத்துக்குப் போயின. உண்மையான திலாப்பியா என்று இன்று மிஞ்சியிருப்பது நாலே நாலு சிற்றினம். ஆக, உலகச் சந்தையில் திலாப்பியா என்று விற்கும் மீனில் ஏறக்குறைய எதுவுமே திலாப்பியா பேரினத்தில் இல்லை. 2019-ல் இன்னொரு ஆய்வு, அல்கோலாபியா என்று தனியாக வைத்திருந்த கென்யாவின் மகாடி, தான்சானியாவின் நேட்ரான் சோடா ஏரி மீன்களும் ஓரியோகுரோமிஸ் கிளைக்குள்ளேயே வருகின்றன என்று காட்டியது. மகாடி மீன் 40 டிகிரி தாண்டும் வெந்நீரில், பிஎச் 10 அளவுள்ள காரத்தண்ணீரில் வாழ்கிறது. பெரும்பாலான மீன்கள் அம்மோனியாவாக வெளியேற்றும் கழிவை அது யூரியாவாக மாற்றி வெளியேற்றுகிறது. நீங்கள் வளர்க்கப்போகும் மீனுக்கு நெருங்கிய சொந்தம் அது. இந்தக் குடும்பத்துக்குள் எவ்வளவு திறமை ஒளிந்திருக்கிறது என்று அதை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

"சரி சார், இதெல்லாம் அருங்காட்சியகத்துக்கு. பண்ணைக்கு என்ன லாபம்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மலேசியாவின் மலாக்கா கதை அதற்குப் பதில் சொல்லும். 1950களின் கடைசியில் மலாக்காவில் இருந்த மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தில் ஹிக்லிங் என்ற அறிஞர், ஏற்கெனவே ஆசியாவில் இருந்த மொசாம்பிகஸ் (நம் ஊர் ஜிலேபி) பெண் மீனோடு, சான்சிபாரிலிருந்து வந்த ஆண் மீனைச் சேர்த்தார். இரண்டும் ஒரே சிற்றினத்தின் இரண்டு வம்சம் என்றுதான் அப்போது நினைத்திருந்தார்கள். பிறந்த குஞ்சு அத்தனையும் ஆண்! திலாப்பியா வளர்ப்பில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண் இருந்தால் குட்டை முழுக்கப் பொடிக் குஞ்சு நிரம்பி, ஒரு மீனும் விற்கும் அளவுக்கு வளராது.

காரணம் பிறகு தெரிந்தது. மொசாம்பிகஸில் பாலினக் குரோமோசோம் பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ், ஆணுக்கு எக்ஸ் ஒய். சான்சிபார் மீனில் அது தலைகீழ்: ஆணுக்கு இசட் இசட், பெண்ணுக்கு டபிள்யூ இசட். எக்ஸ் எக்ஸ் பெண்ணையும் இசட் இசட் ஆணையும் சேர்த்தால் ஆண் குஞ்சுதான் வரும். அந்த சான்சிபார் மீன் தனி இனம் என்று கண்டு, 1966-ல் ஹார்னோரம் என்று பேர் வைத்தவரும் டிரெவாவஸ்தான். நைல் திலாப்பியாப் பெண்ணோடு ஆரியஸ் என்ற சிற்றினத்தின் ஆணைச் சேர்ப்பதும் இதே கணக்குதான். இந்த வித்தை பலிக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் கலப்பில்லாத தாய்மீன் வேண்டும். ஒரு பக்கத்தில் கொஞ்சம் கலந்தாலும் குட்டையில் பெண் மீன் தலைகாட்டத் தொடங்கிவிடும். கலப்பில்லாத மீனை எங்கே போய்த் தேடுவீர்கள்? ஆற்றில்தானே. அந்த ஆற்றைத்தான் கலக்கிக்கொண்டிருக்கிறோம்.

இனி எனக்கு நெருக்கமான காஃபுயேவுக்கு வருகிறேன். அது ஜாம்பேசியில் சேரும் ஆறு. அதன் சொந்தப் பிள்ளைகள் ஆண்டர்சோனி, மேக்ரோகிர் என்ற இரண்டு ஓரியோகுரோமிஸ் சிற்றினங்கள். அங்கே சந்தையில் எல்லாவற்றுக்கும் பிரீம் என்றுதான் பேர். பண்ணைகளுக்காக வந்த நைல் மீன் தப்பித்து ஆற்றுக்குள் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

கரைக்கு வரும் மீனைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதலில் வாலை விரியுங்கள். நைல் மீனுக்கு வால்துடுப்பு முழுக்க, மேலிருந்து கீழாக, சீராகக் கோடு கோடாக ஓடும். ஆண்டர்சோனியின் வாலில் அந்தக் கோடுகள் கிடையாது. அதற்குப் பதில் விலாவில் மூன்று கரும்புள்ளிகள், சில மீனில் நான்கு, வரிசையாக நிற்கும். மேக்ரோகிருக்கு நெற்றி செங்குத்தாக இறங்கும். இனப்பெருக்க காலத்து மொசாம்பிகஸ் ஆண் என்றால் சந்தேகமே வராது: உடம்பு கரிக்கட்டை போலக் கறுத்து, தாடையும் தொண்டையும் மட்டும் வெளுத்து, முதுகுத் துடுப்பிலும் வாலிலும் சிவப்புக் கரை கட்டியிருக்கும்.

காஃபுயே கரையில் கூடையைக் கொட்டிப் பார்த்தால் இந்தப் பாடம் எல்லாம் குழம்பும். விலாவில் மூன்று புள்ளியும் இருக்கும், வாலில் கோடும் இருக்கும். கோடு பாதியில் அறுந்து, புள்ளி புள்ளியாகச் சிதறியிருக்கும். அதே கூடையில் வெளித்தோற்றத்துக்கு அசல் ஆண்டர்சோனியாகத் தெரிகிற மீன்கூட, இரண்டு மூன்று தலைமுறைக்கு முந்தைய நைல் ரத்தத்தைச் சுமந்துகொண்டிருக்கலாம். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, மரபணுச் சோதனைதான் சொல்லும். ஆற்றில் மீன் குறையவில்லையே, வலை நிறைகிறதே என்று மீனவர்களும் நிம்மதியாக இருக்கிறார்கள். குறைந்துகொண்டிருப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒன்று.

இவ்வளவு சுலபமாக இவை ஏன் கலக்கின்றன என்பதை குட்டைக்குள் நீங்கள் கட்டும் ஹாப்பா என்ற வலைத்தொட்டியிலேயே பார்க்கலாம். ஆண் மணலில் வட்டமாகக் குழி பறித்துக் காத்திருக்கும். பெண் வரும், முட்டையிடும், சற்று நேரத்தில் முட்டையை வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். அதோடு ஆணுக்கும் அவளுக்கும் உறவு முடிந்தது. ஜோடி சேர்ந்து நாள்கணக்கில் கூடு காப்பது கிடையாது. அந்தச் சில நிமிடத்தில் பக்கத்துச் சிற்றினத்தின் ஆண் குழிக்குள் இருந்தாலும் காரியம் நடந்துவிடும். அப்புறம் முட்டை பொரிந்து, மஞ்சள் பை கரைந்து, குஞ்சு தானாக நீந்தும்வரை அந்தத் தாய் வயிறாரத் தின்பதில்லை. விடியற்காலையில் ஒரு தாய்மீனைப் பிடித்து, கிண்ணத்தின் மேல் தலையைச் சாய்த்து, கீழ்த்தாடையை விரலால் மெல்லத் திறந்தால், சோளக் குருணை நிறத்தில் முட்டைகள் உருண்டு விழும். எத்தனை முறை செய்தாலும் அந்த நேரத்தில் கை கொஞ்சம் தயங்கும். அவள் எந்த இனத்தின் பிள்ளையைச் சுமக்கிறாள் என்பது நாம் ஹாப்பாவில் எந்த ஆணை விட்டோம் என்பதைப் பொறுத்தது. ஆற்றில் விட்டதும் நாம்தான்.

கரிபாவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஜாம்பேசியின் நடுப்பகுதியில் 1950களின் கடைசியில் கட்டிய பெரிய அணை அது. அங்கே சொந்த மீன் மார்டிமெரி. தனிச் சிற்றினம் என்று அதற்குப் பேர் கிடைத்ததே 1966-ல்தான், வைத்தவரும் அதே டிரெவாவஸ். 1990களில் பண்ணைகளிலிருந்து நைல் மீன் அணைக்குள் தப்பியது. இன்று மார்டிமெரி அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பேர் கிடைத்த ஒரு தலைமுறைக்குள் இடம் பறிபோனது. லிம்போப்போ ஆற்றிலும் 1990களிலேயே நைல் மீன் தென்பட்டது. அங்கே அது மொசாம்பிகஸோடு கலந்துகொண்டிருக்கிறது.

விக்டோரியா ஏரியின் கதை உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும், பெரும்பாலும் நைல் பெர்ச் மீனோடு அதை முடித்துவிடுவார்கள். அதற்கு முன்பே அங்கே ங்கேகே என்ற மீன்தான் கரையோர மக்களின் சோறு. எஸ்குலென்டஸ் என்பது அதன் அறிவியல் பேர். 1905-ல் செவுள் வலை வந்ததிலிருந்து பிடிப்பு ஏறி ஏறி, பிறகு மீன் சிறுத்தது. 1927-28ல் மைக்கேல் கிரஹாம் ஏரியை ஆய்வு செய்து அந்த மீனை விவரித்தார், வலைக்கண் அளவைக் கட்டுப்படுத்தச் சொன்னார். குறைந்த மீனுக்கு ஈடுகட்டத்தான் 1950களில் நைல் திலாப்பியாவையும் வேறு திலாப்பியாக்களையும் கொண்டுவந்து விட்டார்கள். பெரிய ஏரியிலிருந்து ங்கேகே ஏறக்குறைய மறைந்தே போனது. கென்யாவில் யாலா சதுப்புக்குள் இருக்கும் கன்யாபோலி போன்ற சின்னத் துணை ஏரிகளில் மிச்சம் மீதி இருக்கிறது. ஒரு நாட்டின் அன்றாடக் குழம்பு மீன் ஒரு தலைமுறைக்குள் சின்னக் குட்டைகளில் ஒதுங்கிப்போனது என்றால், அதை நடத்தியவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் இல்லை. மக்களுக்கு மீன் கிடைக்கட்டும் என்று நினைத்த உங்களைப் போன்ற, என்னைப் போன்ற மீன்வள அலுவலர்கள்தான்.

இந்த இடத்தில் ஒரு பேச்சு வரும். "மொசாம்பிகஸ் அழிந்தால் என்ன சார், அமராவதி அணையில் போய் அள்ளிக்கொள்ளலாமே" என்பார்கள். நம்மூரில் அது ஜிலேபி என்ற பேரில் ஏரி, குளம், சாக்கடை வரை இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் நம்மிடம் இருப்பது எப்படி வந்தது? 1930களின் பின்பாதியில் ஜாவாவின் தென்கரையில், ஒரு கழிமுகத்தில் முஜாயிர் என்பவர் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மீன்களைக் கண்டெடுத்து வளர்த்தார். இந்தோனேசியாவில் இன்றும் அந்த மீனுக்கு அவர் பேர்தான். அந்தச் சிறு கூட்டத்தின் வாரிசுகள்தான் ஆசியா முழுக்கப் பரவின. 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்து, அங்கிருந்து தமிழ்நாட்டு நீர்நிலைகளுக்குப் போயின. கோடிக்கணக்கில் இருந்தாலும் அத்தனையும் சில மீன்களின் வழிவந்தவை. ஜாம்பேசியின் கீழ்ப்பகுதியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் வரை ஒவ்வோர் ஆற்றிலும் தனித்தனியாக வளர்ந்த மரபு வளம் இவற்றில் கிடையாது. கடல் உப்பைத் தாங்கும் குணத்துக்காக வளர்ப்பாளர்கள் தேடிப் போகும் மீன் இது. அதன் மூல வளம் அங்கேதான் இருக்கிறது. 2019-ல் அது அழியவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலில் ஏறியதற்குப் பெரிய காரணம் நைல் மீனோடு ஏற்படும் கலப்பு.

பண்ணை மேலாளர் உங்களிடம் சொல்லப்போவது எனக்குத் தெரியும். நைல்தான் சீக்கிரம் வளரும் என்பார். உண்மை, அதை மறுக்கவில்லை. ஆண்டுக்கு 40 லட்சம் டன்னுக்கு மேல் உலகம் அதை வளர்க்கிறது. ஆனால் அந்த வேகம் தானாக வந்ததா? 1988-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய கிஃப்ட் திட்டத்தில் எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய நாடுகளின் காட்டு மீன்களையும் ஆசியப் பண்ணை மீன்களையும் சேர்த்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உண்டாக்கிய வேகம் அது. ஆப்பிரிக்க ஆறுகளின் காட்டு மீன்தான் அதற்கு மூலதனம். அதே உழைப்பை ஆண்டர்சோனி, ஷிரானஸ் போன்ற உள்ளூர்ச் சிற்றினங்களுக்கு யாராவது போட்டார்களா? கானாவில் வோல்டா ஆற்றின் சொந்த நைல் மீனை எடுத்து, நீர்வள ஆராய்ச்சி நிலையம் அக்கோசோம்போ என்ற வம்சத்தை வளர்த்தெடுத்தது. வெளியிலிருந்து கொண்டுவராமலே வேகமாக வளரும் மீனை உண்டாக்கலாம் என்பதற்கு அது சாட்சி.

அப்புறம் இன்னொன்று சொல்வார்: "எல்லாம் ஹார்மோன் கொடுத்து ஆணாக்கிய குஞ்சுதான், தப்பினாலும் பெருகாது." இதை மட்டும் நம்பாதீர்கள். தீவனத்தில் மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கலந்து கொடுத்தாலும் நூற்றுக்கு நூறு ஆண் வருவதில்லை. வந்தாலும், தப்பிய ஆணுக்குத் துணையாக ஆற்றில் உள்ளூர்ப் பெண் மீன் காத்திருக்கிறது. கலப்புக்கு ஆண் ஒன்று போதுமே.

நைல் மீன் ஏற்கெனவே அந்த ஆற்றில் நிலைத்துவிட்டது, இனி என்ன என்று கேட்பது கொஞ்சம் கடினமான கேள்வி. காஃபுயேயின் கீழ்ப்பகுதியில் இன்று நைல் வளர்ப்பதைத் தடுத்து ஆற்றைத் திருப்பிக்கொண்டுவர முடியும் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பண்ணைகளில் வேலை செய்யுங்கள், குடும்பத்தைக் காப்பாற்றுங்கள். ஆனால் இன்னும் தொடாத மேல்நிலை ஆறுகள் இருக்கின்றன, அருவிகளுக்கு மேலே கலப்பு ஏறாத ஓடைகள் இருக்கின்றன. புதுப் பண்ணை அங்கேதான் கேட்பார்கள், ஏனென்றால் தண்ணீர் சுத்தமாக இருக்கும். அங்கே மட்டும் "முடியாது" என்று சொல்லும் தைரியம் உங்களுக்கு வேண்டும். தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் சட்டமே அனுமதி இல்லாமல் நைல் மீனை வளர்க்க விடாது. அந்தச் சட்டத்தைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள், மேலாளரிடம் பேச அது உங்களுக்குத் துணை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் செய்யக்கூடியவை சில. குஞ்சு வந்த பதிவேட்டில் திலாப்பியா என்று எழுதும் கட்டத்தை அடித்துவிட்டு, சிற்றினம், வம்சம், வந்த ஆறு, வந்த தேதி என்று எழுதத் தொடங்குங்கள். உலக மீன் புள்ளிவிவரத்திலேயே சிற்றினம் குறிப்பிடாத திலாப்பியா என்று ஒரு வரி இன்னும் இருக்கிறது. அது இப்படிப்பட்ட பதிவேடுகளிலிருந்துதான் பிறக்கிறது. வெளிமடையில் ஒரு வலையோடு நிறுத்தாமல், கண் அளவு குறைந்த இரண்டாவது வலையும் சரளைக்கல் வடிகட்டியும் போடுங்கள். வெள்ளம் வந்தால் எந்தக் கரை முதலில் உடையும் என்று உள்ளூர் ஆட்களிடம் கேளுங்கள், பொறியாளரை விட அவர்களுக்குத் தெரியும்.

தாய்மீன் ஒவ்வொன்றிலிருந்தும், பக்கத்து ஆற்றில் பிடிபடும் மீன் சிலவற்றிலிருந்தும், வால்துடுப்பின் ஓரத்தில் நகத்தளவு துண்டு வெட்டி, 95 சதவீத எத்தனாலில் போட்டு, பிடித்த இடமும் தேதியும் பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். கூடவே மீனை விலாப்பக்கமாகக் கிடத்தி, துடுப்புகளை விரித்து, அளவுகோலோடு ஒரு படம். அந்த நாட்டு மீன்வளத் துறையின் அனுமதியோடு, மக்காண்டாவில் இருக்கும் தென்னாப்பிரிக்க நீர்வாழ் பல்லுயிர் நிலையம் போன்ற இடங்களுக்கு அனுப்பினால், எந்த ஆற்றில் கலப்பில்லாத மீன் மிச்சமிருக்கிறது என்ற வரைபடத்துக்கு அது உதவும். இந்த மாதிரி எடுப்பதற்கு உங்களுக்குச் சம்பளம் கிடைக்காது. அரை நாள் வேலை. பண்ணையில் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள். குட்டையில் மீன் ஏறத் தொடங்கியதும் நேரம் கிடைக்காது.

அன்புடன்,
காஃபுயே கரையில் வேலை பார்த்த உங்கள் அண்ணன்